முதலில் கிராண்டைப் பாருங்கள்

கமுந்திங்கில் பழைய தாமான்கள் எதற்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். ஏதாவது ஒரு வீட்டின் பின்புறம், துணி காயும் கம்பிக்குக் கீழே, கிழிந்த கூடாரத் துணி போர்த்தி ஒரு மோட்டார் நிற்கும். பெரும்பாலும் ஹோண்டா சி70. கொஞ்சம் பிந்தியது என்றால் ஈஎக்ஸ்5. டயரில் காற்று இராது. சீட்டின் மேல் பூனை படுத்திருக்கும். கேட்டால், "அது அப்பா ஓட்டியது. இப்போ ஓடாது" என்பார்கள்.

இந்த ஓடாத மோட்டார்களைத் தேடி இப்போது இளைஞர்கள் அலைகிறார்கள். சிலருக்கு அது அழகுப் பொருள். சாயம் அடித்து, குரோமியம் பூசி, ஞாயிற்றுக்கிழமை குவாலா செப்பெத்தாங்குக்கு இறால் சாப்பிடப் போவார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கையில் காசு இருக்கிறது. நான் இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக. கமுந்திங் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்ப பஸ் கிடைக்காதவர்கள். புதிய கப்சாய் ஒன்றுக்கு ஐயாயிரம் ரிங்கிட் அளவில் வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஏறத்தாழ மூன்று மாதச் சம்பளத்தை, ஒரு சென் செலவு செய்யாமல் அப்படியே எடுத்து வைத்தால்தான் புது வண்டி.

ஆகவே கேள்வி வருகிறது: "அண்ணே, முந்நூறு வெள்ளிக்கு ஒரு மோட்டார் இருக்கு. ஓட வைக்க முடியுமா?"

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பேனர் பிடித்த கை என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஓட வைக்க முடியும். சாலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் எஞ்சினில் இல்லை. முதலில் கிராண்டில் இருக்கிறது, பிறகு பிரேக்கில் இருக்கிறது.

சாகாத எஞ்சின்

எஞ்சினைப் பற்றி நான் ஏன் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சிறிய மோட்டாரை வெளியிட்டது. சோய்ச்சிரோ ஹோண்டா எஞ்சினைப் பார்த்துக்கொண்டார். அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவா விற்பனையைப் பார்த்துக்கொண்டார். மீ வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கும் பையன், ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் வைத்த நோக்கம் என்பார்கள். கிளட்ச் பிடி இல்லாமல் காலாலேயே கியர் மாற்றும் ஏற்பாடு அதனால் வந்தது. 2017ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் வேறு எந்த மோட்டார் வண்டியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

அதை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர் பினாங்கில் பட்டறை வேலையாளாக வாழ்க்கையைத் தொடங்கிய லோ பூன் சியூ. நாம் சொல்லும் 'கப்சாய்' என்ற பெயரும் அந்த 'கப்' உடன், சிறியது என்று பொருள்படும் கந்தோனீஸ் சொல்லைச் சேர்த்து வந்ததுதான். ஜப்பான்காரன் செய்தான், சீனர் விற்றார், பேர் சீனப் பேர். ஆனால் தோட்டத்துச் செம்மண் சாலையில் அதை ஓட்டித் தேய்த்தவர்களில் நம்மவர்கள் கணிசம்.

சி70 எஞ்சின் 72 சிசி. ஒரே சிலிண்டர். காற்றால் குளிரும்; தண்ணீர்த் தொட்டி, பம்ப் எதுவும் இல்லை. மூன்று கியர். கெட்டுப்போக அதில் இருக்கும் பொருள்களே குறைவு. பத்து ஆண்டு படுத்துக் கிடந்த எஞ்சின் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. அடைத்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் இத்தனை மோட்டார்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கின்றன? ஓட்டியவர் இறந்துவிட்டார் என்பதால்தான் பல வண்டிகள் நின்றன. வண்டி நின்றதற்கு வண்டி காரணமில்லை.

ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்

என் அக்காள் மகனுக்குத் தொழிற்பேட்டையில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மூன்று ஷிப்டு. எங்கள் தாமானுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மா வீட்டில் ஒரு சி70 இருந்தது. ஒன்பது ஆண்டாக அசையவில்லை. பழைய இரும்புக்காரர் எண்பது ரிங்கிட்டுக்குக் கேட்டிருந்தார். "முந்நூறு கொடுத்து எடுத்துக்கலாமா மாமா?" என்றான் பையன்.

நான் மோட்டாரைப் பார்க்கும் முன் கிராண்டைக் கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உறைக்குள் பழைய பதிவு அட்டை. இறந்துபோன கணவர் பெயர். முகவரி இருந்த இடத்தில் தோட்டத்தின் பெயரும் லயத்து எண்ணும்.

"வீடு கம்பெனி வீடு. நிலம் கம்பெனி நிலம். அவர் பேரு போட்ட காகிதம்னு இருந்தது இது ஒண்ணுதான் தம்பி" என்றார்.

எத்தனையோ மோட்டார் பழுது பார்த்திருக்கிறேன். இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஆனால் கேட்டதும் உண்மை என்று பட்டது. பால்மரம் வெட்டியவர் குடியிருந்த வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் அதுவும் போகும். தோட்டம் கைமாறி, மரத்தை வெட்டிச் செம்பனை போட்டபோதும் வீடுகள் கட்டியபோதும் நம்மவர்கள் லயத்தை விட்டு வெளியே வந்தார்கள். வரும்போது கையோடு கொண்டு வந்த சொத்து என்று பார்த்தால், பல குடும்பங்களில் பாத்திரம் பண்டம், கொஞ்சம் நகை, ஒரு மோட்டார். அந்த மோட்டாருக்கு மட்டும்தான் அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம்.

அந்தக் காகிதம்தான் இப்போது பூட்டாகவும் ஆகியிருந்தது. உரிமையாளர் உயிரோடு இருந்தால், விற்பவரும் வாங்குபவரும் அடையாள அட்டையோடு சாலைப் போக்குவரத்து இலாகா கவுண்டருக்குப் போய்க் கைரேகை வைத்தால் பெயர் மாறும். இறந்தவர் கைரேகை வைக்க முடியாது. மனைவி என்றாலும் அவர் பாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. சட்டப்படி அது இறந்தவரின் சொத்து. வாரிசுகள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. யார் அதைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று அதிகாரம் பெற்ற அமைப்பின் உத்தரவு வேண்டும். நிலமோ வீடோ இல்லாமல், வண்டி, சேமிப்புக் கணக்கு போன்றவை மட்டும் இருந்தால் அமானா ராயாவுக்குப் போகலாம். நிலமும் இருந்து சொத்து சிறியதாக இருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவு. மற்றவற்றுக்கு நீதிமன்றம்.

எங்கள் விஷயத்தில் அமானா ராயா. இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நான்கு பிள்ளைகளின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அவர்களின் சம்மதம். மூன்று பிள்ளைகள் பேராக்கிலேயே இருந்தார்கள். ஒரு மகள் ஜொகூர் பாருவில். அவர் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதுதான் எல்லாம் ஒன்று சேர்ந்தது. மொத்தத்தில் ஐந்து மாதம் ஆயிற்று.

அந்த ஐந்து மாதமும் மோட்டார் அந்த அம்மா வீட்டிலேயே நின்றது. பையன் ஐம்பது ரிங்கிட் மட்டும் முன்பணம் கொடுத்திருந்தான். உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு பிளக் கூட வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் நான் பார்த்த பெரும்பாலான சோகம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. பையன் ஆசையோடு வண்டியை வாங்குவான், எழுநூறு எண்ணூறு செலவழித்து ஓட வைப்பான், அப்புறம் பெயர் மாற்றப் போவான். அங்கே தெரியும், அது ஒருபோதும் அவன் பெயருக்கு வராது என்று. பிறகு என்ன செய்வான்? திருட்டுத்தனமாக ஓட்டுவான்.

காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது. இவ்வளவு சிறிய மோட்டாருக்குச் சாலை வரி ஒரு பெரிய செலவே இல்லை. அந்தச் சாலை வரியின் பின்னால் நிற்பது காப்புறுதி. அது இல்லாமல் ஓட்டுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். போலீஸ் பிடித்தால் தண்டனை உண்டு. நடந்து போகும் ஒரு கிழவரை இடித்துவிட்டால்? அவருடைய வாழ்நாள் மருத்துவச் செலவை அந்தப் பையனின் குடும்பம் சுமக்க வேண்டி வரும். முந்நூறு ரிங்கிட் மோட்டார் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் வழி இதுதான்.

ஆகவே வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

அசல் கிராண்ட் இருக்கிறதா? நகல் போதாது. அதில் யார் பெயர்? அவர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார்?

எஞ்சினில் ஒரு எண், வண்டிச் சட்டத்தில் ஒரு எண் அடித்திருக்கும். துருவைச் சுரண்டி, டார்ச் அடித்து, ஒவ்வோர் எழுத்தாக கிராண்டோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும், அரைத்துத் திரும்ப அடித்த மாதிரி தெரிந்தாலும் விலகிக்கொள்ளுங்கள்.

வங்கி அல்லது கடன் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை பதிவாகி இருக்கிறதா? கடன் கட்டி முடித்த பிறகும் அதை நீக்காமல் விட்டவர்கள் உண்டு.

கட்டாத சம்மன் இருக்கிறதா? இருந்தால் பெயர் மாற்றம் தடைபடும்.

சாலை வரி காலாவதியாகி எத்தனை ஆண்டு? நீண்ட காலம் ஆகியிருந்தால், பதிவு எண்ணோடு ஜே.பி.ஜே. கவுண்டருக்குப் போய், இதைத் திரும்ப ஓட்ட என்னென்ன வேண்டும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். எங்களிடம் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். அதற்கும் ஓட்டிக்கொண்டு போகவில்லை. லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

கிராண்டே இல்லை என்றால், ஐம்பது ரிங்கிட்டுக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

எஞ்சின்: இரண்டு ஞாயிற்றுக்கிழமை

காகிதத்துக்கு ஐந்து மாதம் ஆனது. எஞ்சினுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதல் நாளே ஒரு சோதனை மட்டும் செய்திருந்தேன். படுத்துக் கிடந்த வண்டியைக் கண்டவுடன் ஏறிக் கிக் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் துரு பிடித்திருந்தால் பிஸ்டன் வளையம் உடையும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி, ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் கிக் லீவரைக் காலால் அல்ல, கையால் மெல்ல அழுத்த வேண்டும். அசைந்தால் நல்லது. பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்னொருவரைக் கிக் அழுத்தச் சொன்னால், உள்ளே அழுத்தம் இருந்தால் விரலைத் தள்ளிவிட்டுக் காற்று வரும். இந்த வண்டியில் தள்ளியது. அந்த ஒரு சோதனைக்குப் பிறகுதான் முந்நூறு ரிங்கிட் என்ற விலைக்கு நான் தலையாட்டினேன். விரலைத் தள்ளவில்லை என்றால் வளையம், வால்வு என்று செலவு எகிறும்; விலை வேறு.

அமானா ராயா உத்தரவு வந்த ஞாயிறு முதலில் எஞ்சின் எண்ணெயை இறக்கினோம். கறுப்பாக வந்தால் சாதாரணம். தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புதிது ஊற்றிச் சிறிது நேரம் ஓட விட்டு, மறுபடியும் மாற்ற வேண்டும். சி70க்கு ஒரு லிட்டர் கூட வேண்டாம், 0.8 லிட்டர் போதும். கார் மாதிரி காகித வடிகட்டி இதில் கிடையாது. வலது பக்க மூடிக்குள் ஒரு கம்பி வலை இருக்கும். பலர் வண்டி வாங்கிய நாள் முதல் அதைத் திறந்ததே இல்லை. திறந்து கழுவுங்கள்.

அடுத்தது பொறி. இந்த வண்டியில் கணினி எதுவும் இல்லை. பாயிண்ட் என்ற இரண்டு சிறிய உலோக முகங்கள் சேர்ந்து பிரியும்போது பிளக்கில் பொறி வரும். பத்து ஆண்டுக் காற்றில் அந்த முகங்களில் வெள்ளைப் படலம் படிந்துவிடும். பையனைக் கொண்டே நைஸ் சாண்ட்பேப்பரால் தேய்க்க வைத்தேன். தேய்த்தும் குழி விழுந்திருந்ததால் புதிது போட்டோம். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். வால்வுக்கு 0.05 மில்லிமீட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. இதைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது; கேஜ் தகடு வாங்கிக்கொள்ளுங்கள். பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. சிகரெட் பிடிக்கும் உறவினரும் இருக்கக் கூடாது.

மூன்றாவது பெட்ரோல். பழைய பெட்ரோல் காலப்போக்கில் பிசினாகி, கார்பரேட்டருக்குள் உள்ள ஜெட் துளைகளை அடைத்துவிடும். கமுந்திங்கில் நிற்கும் வண்டிகளில் பாதி இதனால்தான் ஓடுவதில்லை என்பது என் அனுபவம். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். கிளீனர் ஸ்பிரே, காற்று, பொறுமை. டேங்கில் துரு இருந்தால் வினிகர் ஊற்றி ஓர் இரவு வைத்து, நன்றாகக் கழுவி, வெயிலில் முழுக்கக் காய வைத்துவிட்டுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள். காய்ந்த ரப்பர் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது ஞாயிறு மாலை எஞ்சின் பிடித்தது. சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரிந்து ஐந்து நிமிடம் புகை வந்தது. பிறகு அடங்கிவிட்டது. தொடர்ந்து நீலப் புகை வந்திருந்தால் வளையத்தில் கோளாறு என்று அர்த்தம். அந்த அம்மா கதவருகில் வந்து நின்று கேட்டார். "சத்தம் அப்படியே இருக்கு" என்றார்.

பையன் உடனே ஏறி ஒரு சுற்று போய் வரப் பார்த்தான். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நிற்குமா?

சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பழைய வண்டி ஓடாமல் போனால் பையன் வேலைக்குத் தாமதமாவான். நிற்காமல் போனால்?

அந்த வண்டியின் முன் பிரேக் பிடி கையில் உறுதியாகவே இருந்தது. சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய பட்டை, ஈரத்தில் பசை விட்டு, தனியாகக் கழன்று கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருமுறை வேகமாகப் பிடித்திருந்தால் பட்டை சுருண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் எப்படி இருக்கிறது என்று பிடித்துப் பார்த்துச் சொல்லாதீர்கள். கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஷூ புதிது போடுங்கள்.

டயரில் பூ நிறைய இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். பக்கவாட்டைப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் இருந்தால் முடிந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்க எண் இருந்தால் அது 2000க்கு முந்தியது. அதை மாட்டி ஓட்ட வேண்டாம், பூச்செடி வைத்துக்கொள்ளுங்கள்.

சி70இன் செயின் முழுவதும் தகரப் பெட்டிக்குள் இருக்கும். சேறு படாது, நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே துருவேறி இறுகியிருந்தாலும் தெரியாது. பெட்டியைக் கழற்றுங்கள். பிரேக் கேபிள், ஆக்சலரேட்டர் கேபிள் முனைகளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினால் எங்கும் சிக்காமல் போக வேண்டும். நடுவில் 'கடக்' என்று உட்கார்ந்தால் உள்ளே குண்டுகள் தேய்ந்திருக்கின்றன. அந்த வண்டி நேராகப் போகாது.

மழை ஊரில் ஆறு வோல்ட்

பிறகு விளக்கு. தைப்பிங், கமுந்திங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் இது ஒன்று. புக்கிட் லாருட் மேகத்தை மறித்து நம் தலையில் கொட்டுகிறது. சாயங்கால மழையில், லோரிகள் போகும் தொழிற்பேட்டைச் சாலையில், ஒரு சிறிய மோட்டாரை மற்றவர்கள் பார்ப்பார்களா என்பதே உயிர்ப் பிரச்சினை. பகலிலும் மோட்டாரின் முன்விளக்கு எரிய வேண்டும் என்று 1992ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் விதி வந்தது அதனால்தான்.

பழைய சி70 ஆறு வோல்ட் வண்டி. முன்விளக்குக்கு மின்சாரம் எஞ்சினிலிருந்து நேராகப் போகிறது. வேகமாக ஓடும்போது வெளிச்சம் உண்டு. சந்திப்பில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்ற, விளக்கு மங்கி ஊதுவத்தி மாதிரி ஆகிவிடும். ஹார்ன், பிரேக் விளக்கு, சிக்னல் ஆகியவை பேட்டரியை நம்பியவை. ஆகவே பேட்டரி புதிது, எல்லா இணைப்புகளையும் தேய்த்துச் சுத்தம், சரியான வாட் பல்பு. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுவதானால் தெரிந்த போமனிடம் கொடுங்கள். எதைச் செய்தாலும் மழைச்சட்டையின் முதுகில் ஒளி திருப்பும் பட்டை இருக்கட்டும். அதற்கு வோல்ட் தேவையில்லை.

கணக்கு

இப்போது பில். உதிரிப் பாகங்கள், நாங்கள் கொடுத்த விலை:

எஞ்சின் ஓட: பிளக் 8, எண்ணெய் 25, கார்பரேட்டர் கிட் 25, பாயிண்ட் செட் 30, பெட்ரோல் குழாயும் கேஸ்கட்டும் 20. மொத்தம் 108 ரிங்கிட்.

வண்டி நேராகப் போக, நிற்க, கண்ணுக்குத் தெரிய: டயர், டியூப் இரண்டு செட் 130, பிரேக் ஷூ 30, செயின் செட் 60, கேபிள்கள் 35, சக்கர பேரிங் 30, கம்பி மாற்றிச் சக்கரம் நேராக்கியது 60, பேட்டரி 30, பல்புகள் 15. மொத்தம் 390 ரிங்கிட்.

வண்டி விலை 300 சேர்த்து 798 ரிங்கிட். காகிதச் செலவும் காப்புறுதியும் தனி. என் கூலி ஒரு வேளை மீன்குழம்புச் சோறு.

ஓட வைக்க நூறு, உயிரோடு வீடு திரும்ப நானூறு. அந்த நானூறு கையில் இல்லை என்றால் நூறைச் செலவழிக்காதீர்கள். பணம் சேரும்வரை வண்டி நிற்கட்டும். ஒன்பது ஆண்டு நின்றது, இன்னும் மூன்று மாதம் நின்றால் ஒன்றும் ஆகாது.

இந்த மோட்டாரை வைத்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போகக் கனவு காண வேண்டாம். அதற்கு அந்த வேகமும் இல்லை, அந்த பிரேக்கும் இல்லை. வீட்டிலிருந்து தொழிற்பேட்டை, தொழிற்பேட்டையிலிருந்து தைப்பிங் மார்க்கெட், அவ்வளவுக்கு ராஜா.

அப்பா இருக்கும்போதே

கடைசியாக, மோட்டார் வாங்கும் எண்ணமே இல்லாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை.

உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒன்று நிற்கிறதா? அதன் கிராண்ட் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று தெரியுமா? அப்பா உயிரோடு இருந்தால், பிள்ளையும் அவரும் சேர்ந்து கவுண்டருக்குப் போனால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற காரியம். அவர் போன பிறகு அது ஐந்து மாதம், சில வீடுகளில் ஐந்து ஆண்டு. அண்ணன் தம்பி பேசாத வீடுகளில் ஒருபோதும் முடியாது. எண்பது ரிங்கிட்டுக்கு இரும்புக் கடைக்குப் போகும்.

"பெயரை மாற்றிக் கொடுங்கப்பா" என்று கேட்பது சுலபமில்லை. அவர் சாவதற்குக் காத்திருக்கிற மாதிரி இருக்குமோ என்று பிள்ளைக்குக் கூச்சம். கேட்டால் தன்னிடமிருந்து பறிக்கிறார்களோ என்று அப்பாவுக்கு வருத்தம். நான் சொல்லும் வழி இது: பெயரைப் பற்றி முதலில் பேசாதீர்கள். "அப்பா, இந்த மோட்டாரை ஓட வைக்கலாமா?" என்று கேளுங்கள். அவரையே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். எந்தக் கடையில் வாங்கியது, முதல் தவணை எவ்வளவு, யார் ஜாமீன் நின்றது என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். கிராண்டையும் அவரே எடுத்து வருவார்.

அப்பாக்களுக்கும் ஒன்று. பிள்ளை கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கூப்பிட்டுக்கொண்டு போய்க் கைரேகை வையுங்கள். மோட்டார் நீங்கள் உழைத்து வாங்கியது. அது யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னால் ஒரு நிமிடம். நீங்கள் சொல்லாமல் போனால், சொல்ல வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை.